அப்பீலும் தலைவிதியும்

"ஒருவன் குற்றவாளி என்று ஒரு கோர்ட்டு விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகு, அவனுக்கு அப்பீல் என்று ஒன்று எதற்காக? பணக்காரன் தப்பித்துக் கொள்ளுவதற்கென்றே வைத்த சந்துதானே அது?" என்று தோழர்கள் பலர் கேட்கின்றார்கள். கேட்பவர்கள் மீது நமக்கு வருத்தமில்லை. ஏனெனில், பள்ளிக்கூடம் எரிந்து பிள்ளைகள் செத்ததையும், சினிமாக் கொட்டகையில் புகை சூழ்ந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாய் மடிந்ததையும், விஷக்காற்று ஒரு ஊரையே சூறையாடினதையும், பிறகு அவற்றிற்குக் காரணமானவர்கள் தண்டனை அடைந்ததையும், அந்தத் தண்டனைகள் நாளாக ஆகக் கரைந்து போனதையும் பத்திரிகையில் படித்தவர்கள் அவர்கள். ஆனாலும் இந்தக் கேள்விக்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. ஆதலால் விஷயத்தை அடியிலிருந்தே எடுத்துச் சொல்லுகிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எவரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அவரவர் அறிவைக்கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக் கொள்ளட்டும்.

அப்பீல் ஏன் வேண்டும்?

அப்பீல் வேண்டுமா, வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும் என்றுதான் சொல்லுவோம். நீதிபதி என்பவரும் நம்மைப்போல் சோறு தின்று, தூங்கி எழுந்து, கோபதாபங்களோடு வாழுகின்ற ஒரு மனிதரேயாவார். சாட்சி பொய் சொன்னால் அவரும் ஏமாறக்கூடும். ஊரெல்லாம் ஒருவன் மீது ஆத்திரப்பட்டால் அந்தக் கூச்சல் அவர் காதிலும் விழும். ஆகையால் ஒருவர் செய்த தீர்ப்பை இன்னொருவர் எடுத்து வைத்துக்கொண்டு, "இதற்கு ஆதாரம் இருக்கிறதா? சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா?" என்று பார்ப்பது அறிவுள்ள ஏற்பாடேயாகும். "பெரியவர் சொல்லிவிட்டார், இனி யாரும் வாய் திறக்கக்கூடாது" என்பது சாஸ்திரத்தின் வேலை. "எவர் சொன்னாலும் அதில் தப்பு இருக்கலாம், காரணத்தைக் காட்டு" என்பது பகுத்தறிவின் வேலை. அப்பீல் என்பது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்று சொல்லுகிறவர்கள், நாளைக்குத் தங்கள் பிள்ளையே கூண்டில் நிற்கக்கூடும் என்பதை மறந்து பேசுகிறவர்களே ஆவார்கள்.

இதற்குச் சட்டத்தில் இருக்கிற வழியையும் தெரிந்துகொள்ளுவது நல்லது. மாஜிஸ்திரேட் தண்டித்தால் 30 நாளைக்குள் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் செய்யலாம். செஷன்ஸ் கோர்ட்டு தண்டித்தால் 60 நாளைக்குள் ஹைகோர்ட்டுக்குப் போகலாம். சிறையில் இருக்கிறவன் வெளியே ஆள் அனுப்பி அலைய வேண்டியதில்லை. மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தால் அவர் கோர்ட்டுக்கு அனுப்பியே தீரவேண்டும். கைதிக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாய்க் கொடுக்க வேண்டும் என்றும், வக்கீல் வைக்க வகையில்லாதவனுக்கு வக்கீல் ஏற்பாடு செய்துகொடுக்க வேண்டும் என்றும் சுப்ரீம் கோர்ட்டு 1978லேயே சொல்லிவிட்டது. 1987இல் இலவச சட்ட உதவிக்கென்று தனிச் சட்டமே வந்தது. ஆனால் இவ்வளவும் புஸ்தகத்தில் இருக்கின்றனவே தவிர, லாரி ஓட்டி ஆளை அடித்துவிட்டு உள்ளே போன ஒரு ஏழைக்கு இதை எடுத்துச் சொல்லுகிறவர் யார்? "அப்பீல் செய்தால் தண்டனை கூடிவிடும்" என்று யாரோ ஒருவன் பயமுறுத்த, நாள் கடந்து, அவன் உள்ளேயே இருந்து கழித்துவிட்டு வருகிறான். உண்மையோ வேறு. தண்டிக்கப்பட்டவன் தானே செய்கிற அப்பீலில், எதிர்த்தரப்பு தனியாகக் கேட்காதபோது, அவன் தண்டனையைக் கூட்டிவிட முடியாது.

இது எந்த மாதிரிக் குற்றம்?

இனி, நாம் பேசவந்த குற்றம் இன்னதென்று பார்ப்போம். திருடுகிறவன் திருட நினைக்கிறான். குத்துகிறவன் குத்த நினைக்கிறான். ஆனால் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகவும் துணிச்சலாகவும் நடக்கிறவன், எவரையும் கொல்ல நினைப்பதில்லை. ஒருவன் தன் நிலத்தில், ஜனங்கள் நடக்கிற பாதையோரத்தில், ஒரு கிணறு வெட்டுகிறான். கைப்பிடிச் சுவர் கட்டினால் நூறு ரூபாய் செலவாகும் என்று விட்டுவிடுகிறான். ஊரார் இரண்டு தடவை சொல்லியும், "இதுவரை யார் விழுந்தார்கள்?" என்கிறான். ஒரு இருட்டு இராத்திரியில் ஒரு பெண்பிள்ளை விழுந்து சாகிறாள். "நான் தள்ளினேனா?" என்று அவன் கேட்கிறான். இல்லை, தள்ளவில்லை. ஆனால் அந்த நூறு ரூபாயை அவள் உயிரைவிட மேலாக மதித்தான் அல்லவா? அதுதான் குற்றம்.

இந்தக் குற்றத்தில் தண்டனை பெற்று அப்பீலுக்குப் போகிறவன் பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான் சொல்லுவான். ஒன்று, "அதைக் கவனிக்க வேண்டிய கடமை என்னுடையதல்ல." இரண்டு, "இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் நியாயமில்லை." மூன்று, "சாவுக்கு நேரான காரணம் என் செய்கையல்ல, வேறொருவன் செய்கை." இவை மூன்றும் கேட்கத்தக்க வாதங்களே. பம்பாயில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் டர்பன்டைன் எண்ணெயையும் அடுப்பையும் ஒரே அறையில் வைத்து வேலை நடந்தது. தீப்பிடித்து ஏழு தொழிலாளிகள் செத்தார்கள். நிர்வாகம் செய்த முதலாளிக்குக் கீழ்க் கோர்ட்டுகள் தண்டனை கொடுத்தன. 1964இல் சுப்ரீம் கோர்ட்டோ, சூடான தாரில் டர்பன்டைனை அவசரமாக ஊற்றிய தொழிலாளியின் செய்கையே சாவுக்கு நேரான காரணம் என்று சொல்லி, சாவுக்காகக் கொடுத்த தண்டனையை ரத்து செய்தது. நெருப்பை அஜாக்கிரதையாய் வைத்திருந்ததற்கான தண்டனை மாத்திரம் நின்றது. ஏழு உயிருக்கும் பொறுப்பு, பிழைப்புக்காக அந்த அடுப்பண்டை நின்ற கூலியாளின் தலையில் போய் விழுந்தது. அடுப்பை அங்கே வைக்கச் சொன்னது யார் என்கிற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. இந்தத் தீர்ப்பை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பின்னால் வந்த முதலாளிமார்கள் அப்பீல் ஏணியில் ஏறினார்கள்.

ஆட்டின் விலையும் ஆளின் விலையும்

இந்தக் குற்றத்திற்குச் சட்டம் வைத்த விலையைக் கேட்டால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாது. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில், பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாகும்படி நடந்தால் 3 மாதம் காவல், அல்லது 250 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. அஜாக்கிரதையால் உயிரே போனால் என்ன தண்டனை என்று தனிப் பிரிவு எழுதவே மறந்து போனார்கள். 1870இல்தான் அதைச் சேர்த்து, 2 வருஷம் வரை தண்டனை என்றார்கள். ஆனால் திருட்டுக்கோ 3 வருஷம் வரை! அதாவது ஒருவன் ஒரு ஆட்டைத் திருடினால் 3 வருஷம். கதவைப் பூட்டிவைத்து ஐம்பது பேரைச் சாகவிட்டால் 2 வருஷம்.

வெள்ளைக்காரன் 1947இல் போனான். 250 ரூபாய் போகவில்லை. 2024 ஜூலை 1ஆம் தேதி புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே அந்த 250 என்பது 2500 ஆயிற்று. உயிர் போனால் 2 வருஷம் என்பது 5 வருஷம் ஆயிற்று. ஒரு ஆளின் உயிர் ஒரு ஆட்டைவிட மேலானது என்று நம் சட்டம் ஒப்புக்கொள்ள 154 வருஷம் பிடித்தது.

உபஹார் கொட்டகையின் கதை

இனி ஒரு உண்மைச் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுவோம். டில்லியில் கிரீன் பார்க் என்னுமிடத்தில் உபஹார் என்று ஒரு சினிமாக் கொட்டகை. உபஹார் என்றால் பரிசு என்று அர்த்தம். 1997 ஜூன் 13ஆம் தேதி மத்தியான ஆட்டம் நடந்தது. கொட்டகையின் கீழ்த்தளத்தில், மோட்டார் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், மின்சார போர்டின் மின்மாற்றி ஒன்று இருந்தது. அது அன்று காலையிலேயே ஒரு தடவை தீப்பற்றிற்று. போர்டு ஆட்கள் வந்து, தகுந்த கருவி இல்லாமல் ஒட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் 5 மணி ஆகிறதற்கு முன் அது மறுபடியும் பற்றிக்கொண்டது. எண்ணெய் ஒழுகிற்று, வண்டிகள் எரிந்தன, புகை மாடிப்படி வழியாய் மேலேறிப் பால்கனிக்குள் புகுந்தது.

கீழே இருந்தவர்கள் வெளியேறித் தப்பினார்கள். பால்கனியில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? வலது பக்கத்து நடைவழியை மறித்து அதிகப்படி நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. ஒரு வெளிவாசலை, முதலாளி குடும்பத்தார் உட்கார்ந்து பார்ப்பதற்காக அமைத்த தனி அறை மறைத்துக் கொண்டிருந்தது. கதவு தாழிட்டிருந்தது. விளக்கு அணைந்தது. ஆபத்துக்கால விளக்கு இல்லை. "வெளியே வாருங்கள்" என்று அறிவிக்க ஒரு குரல்கூட இல்லை. 59 பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள்.

இது எவரும் எதிர்பாராததா? 1983லேயே சோதனை செய்து குறைகளைக் கண்டு உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். ஹைகோர்ட்டில் தடை உத்தரவு வாங்கி ஆட்டம் தொடர்ந்து நடந்தது. 1989இல் இதே கொட்டகையில் ஒரு தடவை தீப்பிடித்தது. அப்படியிருந்தும் நாற்காலி நாற்காலியாகவே இருந்தது. ஏனென்றால் ஒவ்வொரு நாற்காலியும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு டிக்கெட் அல்லவா?

ஏணியின் படிகள்

பத்து வருஷம் விசாரணை நடந்தது. 2007 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கொட்டகை முதலாளிகளான அன்சல் சகோதரர்கள் இருவருக்கும் 2 வருஷம். வாசலைக் காத்த கூலிக்காரனுக்கும், மானேஜர்களுக்கும், மின்மாற்றியை ஒட்டுப்போட்டவர்களுக்கும் 7 வருஷம்! வாசகர்கள் இந்தக் கணக்கைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். நாற்காலி போட்டு வழியை அடைத்தவனுக்கு 2, கதவைத் திறக்காமல் போய்விட்டவனுக்கு 7. காவல்காரன் மீது குற்றமில்லை என்று நாம் சொல்லவரவில்லை. உள்ளே ஜனங்கள் இருக்கத் தாழை நீக்காமல் போனது பெருங்குற்றமே. ஆனால் அந்த வாசலின் சம்பளம் யாருக்கு, வாசலின் வசூல் யாருக்கு என்று கேட்கிறோம்.

அப்பீல் நடந்தது. 2008 டிசம்பரில் டில்லி ஹைகோர்ட்டு காவல்காரனின் 7 வருஷத்தை 2 வருஷமாக்கிற்று. சிலரை விடுதலை செய்தது. இது அப்பீலால் விளைந்த நன்மை. இதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை. ஆனால் முதலாளிகளின் 2 வருஷம் 1 வருஷமாயிற்று. ஏணியில் எல்லோரும் ஒரு படி இறங்கினார்கள். ஆனாலும் காவல்காரன் முதலாளியைவிட இரண்டு மடங்கு தண்டனைக்காரனாகவே இருந்தான்.

பிறகு சுப்ரீம் கோர்ட்டு. அங்கே முதலாளிகள் சொன்ன வாதங்களைக் கவனிக்க வேண்டும். "மின்மாற்றி போர்டுடையது, அதை ஒட்டுப்போட்டது போர்டு, ஆகவே சாவுக்கு நேரான காரணம் போர்டே." நாம் மேலே சொன்ன பெயிண்ட் தொழிற்சாலைத் தீர்ப்பு இங்கேதான் வந்து நின்றது. "நாங்கள் 1988லேயே டைரக்டர் பதவியை விட்டுவிட்டோம்" என்பது இன்னொரு வாதம். "அதிகாரிகளே உரிமம் கொடுத்தார்கள்" என்பது மற்றொன்று. 2014 மார்ச் 5ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இவற்றை ஏற்க மறுத்துக் குற்றத்தை நிலைநிறுத்திற்று. கோர்ட்டு சொன்னதன் சாரம் இதுதான்: தீ மூண்டதற்குக் காரணம் வேறாயிருக்கலாம், ஆனால் ஜனங்கள் செத்தது வெளியேற வழியில்லாததால், அந்த வழியை அடைத்தது கொட்டகையை நடத்தியவர்களே, பெயரளவில் பதவியை விட்டாலும் பிடி அவர்கள் கையிலேயே இருந்தது. இது அறிவுக்கு ஒத்த தீர்ப்பு. நெருப்பு மூட்டியவனை மாத்திரம் தேடாமல், கதவை அடைத்தவனையும் தேடினார்கள்.

எழுபது வருஷத்துக்கு முன்

"நான் அங்கே இல்லை, என் பொறுப்பில் இல்லை" என்கிற இந்த வாதம் நம் நாட்டுச் சொத்து மாத்திரமல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் கோகோநட் குரோவ் என்று ஒரு கேளிக்கை விடுதி இருந்தது. 1992க்கு அரை நூற்றாண்டு முன்பு, அதாவது 1942 நவம்பர் 28ஆம் தேதி இராத்திரி அங்கே தீப்பிடித்து 492 பேர் செத்தார்கள். அங்கேயும் கதவுகள் பூட்டிக் கிடந்தன. விடுதியின் சொந்தக்காரர் வெலான்ஸ்கி என்பவர் அன்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவருக்கு 12 முதல் 15 வருஷம் வரை தண்டனை கிடைத்தது. "தீப்பிடித்தபோது நான் நோயாளியாய்ப் படுத்திருந்தேனே" என்று அப்பீல் செய்தார். 1944இல் மாசசூசெட்ஸ் மாகாணத்து உயர்ந்த கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. ஆள் அங்கே இல்லாவிட்டால் என்ன? ஆபத்தான ஏற்பாட்டைச் செய்து வைத்தது அவர்தானே? என்பதே அதன் கருத்து. நம் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதற்கு 70 வருஷத்துக்கு முன்பே அங்கே இதைச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அந்தக் கதையின் முடிவும் கேட்கத்தக்கது. நாலு வருஷம் நிறைவதற்குள், 1946இல், அவர் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். அப்போது அவர் புற்றுநோய்க்காரர். அடுத்த வருஷமே செத்தும் போனார். சாகக் கிடக்கிறவனிடம் இரக்கம் காட்டியதை நாம் குறை கூறவில்லை. ஆனால் மன்னிப்புக் கொடுத்த கவர்னர் யார் தெரியுமா? தீப்பிடித்த இராத்திரியில் அதே பாஸ்டன் நகரத்தின் மேயராய் இருந்தவர்! ஏணி எந்த நாட்டிலும் ஏணிதான்.

அபராதம் கட்டினால் ஆயிற்றா?

மறுபடியும் டில்லிக்கு வருவோம். குற்றம் உறுதியாயிற்று. தண்டனை எவ்வளவு என்பதில் இரண்டு நீதிபதிகளுக்கும் அபிப்பிராயபேதம். மூன்று நீதிபதிகளிடம் போயிற்று. 2015 ஆகஸ்டில், ஆளுக்கு 30 கோடி ரூபாய் கட்டினால், சிறையில் இருந்த மட்டும் போதும் என்றார்கள். மூத்தவர் இருந்தது 5 மாதத்துக்குச் சற்று மேல். இளையவர் இருந்தது 4 மாதத்துக்குச் சற்று மேல். பிறகு மறுபரிசீலனை கேட்டதில், 2017 பிப்ரவரியில், மூவரில் இருவர் கருத்துப்படி இளையவர் மட்டும் ஒரு வருஷத்தின் பாக்கியைக் கழிக்க வேண்டும், மூத்தவருக்கு வயதாகிவிட்டதால் வேண்டாம் என்றாயிற்று.

நாம் கேட்கிறோம்: 30 கோடி இல்லாதவன் என்ன செய்வான்? அந்தக் காவல்காரன் 30 கோடி அல்ல, 30 ஆயிரத்துக்கு எங்கே போவான்? அபராதம் வாங்குவது தப்பென்று நாம் சொல்லவில்லை. நன்றாய் வாங்கட்டும், அதைக்கொண்டு ஆஸ்பத்திரி கட்டட்டும். ஆனால் தண்டனைக்கு மேல் அபராதமா, தண்டனைக்குப் பதிலாக அபராதமா என்பதே கேள்வி. பதிலாக என்றால், அது தண்டனைக்கு விலை போட்டதாகத்தானே ஆகும்? வயதைப் பற்றிய நியாயமும் விசித்திரமே. வழக்கு 20 வருஷம் நடந்தால் எவனுக்குத்தான் வயதாகாது? தாமதத்தை உண்டாக்கிவிட்டு, பிறகு அந்தத் தாமதத்தையே தயவுக்குக் காரணமாய்க் காட்டுவதென்றால், அப்பீல் ஏணியில் எவ்வளவு மெதுவாய் ஏறுகிறோமோ அவ்வளவு லாபம் என்றாகிவிடும்.

நஷ்டஈட்டின் கதையும் அப்படியே. ஹைகோர்ட்டு விதித்த தொகையை 2011இல் சுப்ரீம் கோர்ட்டு 18 லட்சத்திலிருந்து 10 லட்சமாகவும், சிறு வயதினருக்கு 15 லட்சத்திலிருந்து ஏழரை லட்சமாகவும் குறைத்தது. முதலாளிகளைத் தண்டிக்கும் முறையில் விதித்த இரண்டரைக் கோடி 25 லட்சமாயிற்று.

இதற்கிடையில் கோர்ட்டுக் கட்டிலிருந்தே சில காகிதங்கள் காணாமற் போயின, சில கிழிக்கப்பட்டன. அதற்குத் தனி வழக்கு நடந்து, 2021 நவம்பரில் சகோதரர்களுக்கு 7 வருஷம் தண்டனை வந்தது. 2022 ஜூலையில் அப்பீலில் குற்றம் நின்றது. தண்டனை மட்டும் இருந்த காலத்தோடு போதும் என்று முடிந்தது. அப்பீல் என்பதற்கு ஆதாரம் அந்தக் கட்டுதான். அதிலேயே கை வைக்கிறவன் அப்பீல் என்கிற ஏற்பாட்டின் வேரிலேயே வெந்நீர் ஊற்றுகிறவன் ஆவான்.

பெற்றவர்களுக்கு அப்பீல் உண்டா?

உபஹாரில் இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த ஒரு தாயும் தகப்பனும், தங்களைப்போல் இழந்தவர்களைச் சேர்த்துச் சங்கம் கண்டு, கால் நூற்றாண்டு கோர்ட்டுப் படி ஏறினார்கள். அவர்களுக்கு அப்பீல் உரிமை எவ்வளவு என்று பார்த்தால் வயிறு எரியும். 2009ஆம் வருஷக் கடைசி வரையில், பாதிக்கப்பட்டவர்களுக்கென்று சட்டத்தில் அந்த உரிமையே இல்லை. அப்போது வந்த திருத்தத்தின்படி, குற்றவாளியை விட்டுவிட்டாலும், சிறிய குற்றமாக்கிவிட்டாலும், நஷ்டஈடு குறைந்துவிட்டாலும் அப்பீல் செய்யலாம். ஆனால் "தண்டனை போதாது" என்று அப்பீல் செய்ய அவர்களுக்கு உரிமை கிடையாது! அது சர்க்காருக்கு மட்டுமே உண்டு. 2020இல் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. புதிய நடைமுறைச் சட்டத்திலும் இந்தக் கதவு அடைத்தபடியே இருக்கிறது.

"தண்டனை அதிகம்" என்று சொல்லக் குற்றவாளிக்கு வாய் இருக்கிறது. "தண்டனை குறைவு" என்று சொல்லப் பிள்ளையை இழந்தவளுக்கு வாய் இல்லை. தராசில் ஒரு தட்டுக்கு மட்டும் கயிறு கட்டின வியாபாரியை நம் சந்தையில் விட்டுவைப்போமா?

கட்டணம் வாங்காத வக்கீல்

இவ்வளவு சொன்ன பிறகு, கோர்ட்டுகளை மாத்திரம் குறை சொல்லிவிட்டுப் போவோமானால் நாமும் யோக்கியர்களாக மாட்டோம். குற்றவாளிக்கு எல்லா வக்கீலையும்விடப் பெரிய வக்கீல் ஒருவன் உண்டு. அவன் கட்டணம் வாங்குவதில்லை, கோர்ட்டுக்கும் வருவதில்லை. அவன் நம் வாயிலேயே குடியிருக்கிறான். அவன் பெயர் தலைவிதி.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் தேதி, சமையல் கொட்டகைத் தீ வகுப்பின் கீற்றுக் கூரையில் பிடித்து 94 குழந்தைகள் வெந்து செத்தார்கள். அன்று நம்மில் எத்தனை பேர் "அதுகள் விதி அவ்வளவுதான்" என்றோம்? எத்தனை பேர் "எமன் அந்த வழியாய் வந்துவிட்டான்" என்றோம்? எமன் வரவில்லை, தோழர்களே! அடுப்புக்குப் பக்கத்தில் கீற்று வந்தது. கூட்டத்துக்குப் போதாத வழி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட பேனா வந்தது. பத்து வருஷம் கழித்து 2014 ஜூலையில் பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2017 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட்டில் அது சிறையில் இருந்த காலமாகக் குறைந்தது. வேறு பலர் விடுதலையானார்கள்.

போபாலில் 1984 டிசம்பரில் விஷக்காற்றால் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். 1996இல் சுப்ரீம் கோர்ட்டு குற்றச்சாட்டையே அஜாக்கிரதை என்று இறக்கிவிட்டது. 26 வருஷம் கழித்து, 2010 ஜூன் 7ஆம் தேதி 2 வருஷத் தண்டனையும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும் விதித்தார்கள். உடனே ஜாமீனும் கிடைத்தது. எப்படியென்றால், 3 வருஷத்துக்கு மேற்படாத தண்டனையானால், ஜாமீனில் இருக்கிறவன் அப்பீல் செய்வதற்காக, தண்டித்த கோர்ட்டே அவனை ஜாமீனில் விடலாம் என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தின் உச்சத் தண்டனையே 2 வருஷமாயிருந்தால் யார்தான் உள்ளே போவார்?

தலையில் எழுதின விதியை இதுவரை எவரும் பார்த்ததில்லை. ஆனால் சினிமாக் கொட்டகையில் நடைவழி எத்தனை, வாசல் எத்தனை என்று எழுதின விதியை, எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் பார்க்கலாம். முதல் விதியை நம்புகிறவர்கள் நிறைந்த ஊரில் இரண்டாவது விதியை எவன் மதிப்பான்? "எல்லாம் அவன் செயல்" என்று செத்தவன் வீட்டாரே சொல்லிவிட்டால், "என் செயல் அல்ல" என்று முதலாளி சொல்லுவதற்கு என்ன தடை?

செய்ய வேண்டியது என்ன?

ஆகவே நாம் கேட்பது அப்பீலை ஒழிக்க வேண்டும் என்பதல்ல. எவரையும் தூக்கில் போடு என்பதுமல்ல. ஒன்று, இம்மாதிரி வழக்குகளில் விசாரணைக்கும் அப்பீலுக்கும் காலவரையறை வைத்து, தாமதத்தைத் தயவுக்குக் காரணமாக்காமல் இருக்க வேண்டும். இரண்டு, தண்டனை போதாது என்று அப்பீல் செய்யும் உரிமையைப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டும். மூன்று, அபராதம் தண்டனையோடு சேர வேண்டுமே தவிர, தண்டனைக்குப் பதிலாகக் கூடாது. நாலு, தண்டனை அடைந்த ஒவ்வொரு ஏழைக்கும், அன்றைய தினமே, அவனுக்குப் புரிகிற பாஷையில், "உனக்கு அப்பீல் உண்டு, நகல் இலவசம், வக்கீல் இலவசம்" என்று கோர்ட்டிலேயே சொல்ல வேண்டும்.

இவை சர்க்கார் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு வக்கீலும் வேண்டாம், காசும் வேண்டாம். உங்கள் ஊர் சினிமாக் கொட்டகைக்கோ, கல்யாண மண்டபத்துக்கோ, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கோ போகும்போது, உட்காருவதற்கு முன் வெளியே போகிற வாசல் எது என்று பாருங்கள். அது பூட்டியிருந்தால், "திற" என்று சொல்லுங்கள். திறக்காவிட்டால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சொல்லுங்கள். எழுத்தில் மனுக் கொடுத்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எவனாவது "எனக்குத் தெரியாது" என்று அப்பீலில் சொல்ல வந்தால், அந்த ஒரு நகல் போதும் அவன் வாயை அடைக்க.

கோர்ட்டுத் தீர்ப்பின் மேல் அப்பீல் உண்டு. பூட்டிய கதவுக்குள் மூச்சுமுட்டிச் செத்தவனுக்கு அப்பீல் கிடையாது. ஆகையால் முதலில் கதவைத் திறக்கச் செய்யுங்கள்.